செங்கடல் வழியாகப் போகும் சரக்குக் கப்பல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சரக்குக் கப்பல்கள் மேல் தாக்குதல் தொடங்கிய 2023 நவம்பரிலிருந்து பாப் எல் மண்டெப் நீரிணையைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்பவர்கள் மூன்று வகை: கப்பலில் ஏறப்போகும் பிள்ளைகள், அவர்களுடைய வீட்டார், ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். இந்தக் கடலில் தாக்குதல் கூடும், குறையும், மாதக்கணக்கில் நின்றுபோய் மறுபடி தொடங்கும். அன்றன்றைய நிலவரத்துக்கு, வணிகக் கப்பல்களுக்கு எச்சரிக்கை தரும் பிரிட்டிஷ் மையமான யூகேஎம்டிஓவின் அறிவிப்புகளைத்தான் பார்க்க வேண்டும். நிலவரம் எப்படி மாறினாலும் தெரிந்திருக்க வேண்டியவை மட்டும் இங்கே.

பாப் எல் மண்டெப் எங்க இருக்கு? அது வழியாத்தான் போயாகணுமா?

செங்கடலின் தெற்கு வாசல் அது. கிழக்கே ஏமன், மேற்கே ஜிபூத்தியும் எரித்திரியாவும். மிகக் குறுகலான இடத்தில் அகலம் சுமார் 29 கிலோமீட்டர். அதிலும் குறுக்கே பெரிம் தீவு கிடப்பதால் வழி இரண்டாகப் பிரிகிறது. ஏமன் கரையை ஒட்டிய வழிக்கு 3 கிலோமீட்டர் அகலம்தான். பெரிய கப்பல்கள் தீவுக்கு மேற்கே உள்ள அகன்ற வழியில் போகும். எந்த வழியில் போனாலும் ஏமன் கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரம்தான்.

இந்தியப் பெருங்கடலிலிருந்து சூயஸ் கால்வாய்க்குப் போக வேறு வாசல் கிடையாது. வேண்டாம் என்றால் ஆப்பிரிக்காவைச் சுற்றி, நன்னம்பிக்கை முனை வழியாகப் போக வேண்டும். ஆசியாவிலிருந்து வட ஐரோப்பாவுக்கு அது சுமார் 3,500 கடல் மைல் கூடுதல். 14 நாட் (மணிக்கு 14 கடல் மைல்) வேகத்தில் ஒரு நாளைக்கு 336 கடல் மைல் ஓடும். ஆக 10 நாளுக்கு மேல் கூடுகிறது.

யார் அடிக்கிறாங்க? கடற்கொள்ளையரா?

இல்லை. கப்பல்களைத் தாக்கியவர்கள் ஏமனின் ஹவுதி இயக்கத்தினர். 2014-இல் தலைநகர் சனாவைப் பிடித்தார்கள். ஹொதெய்தா துறைமுகமும் செங்கடல் கரையின் பெரும்பகுதியும் அவர்கள் கையில் இருக்கின்றன. காசா போர் தொடங்கிய பிறகு, இஸ்ரேலோடு தொடர்புள்ள கப்பல்களைத் தாக்குவோம் என்று அறிவித்தார்கள். 2023 நவம்பர் 19 அன்று கேலக்ஸி லீடர் என்ற கார் ஏற்றும் கப்பலின் மேல்தளத்தில் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி அதைக் கைப்பற்றினார்கள். அதிலிருந்த 25 பேரில் ஒருவர்கூட இஸ்ரேலியர் அல்ல. 14 மாதம் கழித்து, 2025 ஜனவரியில்தான் அவர்கள் விடுதலையானார்கள்.

2024 முடிவதற்குள் 100-க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் தாக்குதலுக்கு உள்ளாயின. 2024-இல் ரூபிமார், டியூட்டர், 2025 ஜூலையில் மேஜிக் சீஸ், எட்டர்னிட்டி சி என்று நான்கு கப்பல்கள் மூழ்கின. இந்தக் குழப்பத்தில் போர்க்கப்பல்களின் கவனம் செங்கடல் பக்கம் திரும்பியிருந்தபோது சோமாலியக் கொள்ளையர்களும் மறுபடி தலைகாட்டினார்கள். ஆக, கொள்ளையரால் வருவது ஒரு வகை ஆபத்து, ஹவுதிகளால் வருவது வேறு வகை. இரண்டுக்கும் ஒரே தற்காப்பு செல்லாது.

நாங்க போறது பனாமா கொடிக் கப்பல். ஓனர் கிரேக்கர், ஆளுங்க எல்லாம் இந்தியர். எங்களை ஏன் அடிக்கணும்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. கப்பலைக் குறிவைப்பது கொடியைப் பார்த்தோ ஆட்களைப் பார்த்தோ அல்ல, காகிதத்தைப் பார்த்து. ஒரு கப்பலுக்குப் பதிவு செய்த ஓனர் ஒருவர், அவருக்குப் பின்னால் உண்மையான ஓனர் ஒருவர், நடத்தும் மேனேஜர் ஒருவர், வாடகைக்கு எடுத்தவர் ஒருவர், சரக்குக்கு உரியவர் வேறொருவர். இதில் யாராவது ஒருவருக்கு இஸ்ரேல், அமெரிக்கா, பிரிட்டன் தொடர்பு இருப்பதாக ஏதாவது ஒரு தரவுத்தளத்தில் இருந்தால் போதும். கப்பல் கைமாறிப் பல மாதம் ஆகியிருந்தும் பழைய ஓனர் பெயர் நீங்காமல் இருந்ததால் அடிபட்ட கப்பல்கள் உண்டு.

இன்னும் மோசமானது 'தம்பிக் கப்பல்' கணக்கு. உங்கள் கப்பல் இஸ்ரேல் பக்கமே போயிருக்காது. அதே கம்பெனியின் வேறொரு கப்பல் ஹைஃபாவுக்கோ அஷ்தோதுக்கோ போயிருக்கும். மேஜிக் சீஸ், எட்டர்னிட்டி சி இரண்டுக்கும் இந்தக் காரணத்தைத்தான் சொன்னார்கள். அதனால் கப்பல் வேலையில் சேர்வதற்கு (சைன் ஆன்) முன், ஆள் எடுக்கும் மேனிங் ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டியது 'எந்தக் கொடி' என்று மட்டும் அல்ல. கப்பலின் ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண் என்ன, மேனேஜர் கம்பெனி எது, அந்தக் கம்பெனியின் மற்றக் கப்பல்கள் சமீபத்தில் எங்கே போய்வந்தன என்றும் கேளுங்கள். கப்பலின் பெயர் மாறும், கொடி மாறும். ஏழு இலக்க ஐஎம்ஓ எண் கப்பல் உடைபடும்வரை மாறாது.

எதை வச்சு அடிக்கிறாங்க?

ஏவுகணை, வெடி சுமந்து பறக்கும் ட்ரோன், ஆளில்லாத வெடிப் படகு, ஆயுதம் ஏந்திய ஆட்கள் வரும் சிறு படகு. ஓடும் கப்பல் மேல் பாலிஸ்டிக் ஏவுகணையைப் போரில் முதலில் ஏவியது இந்தக் கடலில்தான்.

ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தைச் சேதப்படுத்தும். ட்ரோனில் இருக்கும் வெடி சிறியது. மேல்தளத்தையும் மாலுமிகள் தங்கும் கட்டடத்தையும்தான் பெரும்பாலும் பாதிக்கும். ஏவுகணை பக்கவாட்டைத் துளைத்துத் தீ மூட்டும். 2024 மார்ச் 6 அன்று ட்ரூ கான்ஃபிடன்ஸ் கப்பலை ஏவுகணை தாக்கியதில் மூன்று மாலுமிகள் இறந்தார்கள். மிச்சமிருந்தவர்களை ஐஎன்எஸ் கொல்கத்தா மீட்டது. வெடிப் படகு வந்து மோதுவது நீர்மட்டத்தில். 2024 ஜூனில் டியூட்டரின் பின்பக்கத்தில் அப்படித்தான் மோதியது. இன்ஜின் ரூமில் தண்ணீர் புகுந்தது, அங்கே வேலையில் இருந்த பிலிப்பைன்ஸ் மாலுமி இறந்தார், ஆறு நாளில் கப்பல் மூழ்கியது. நீர்மட்டத்தில் விழும் ஓட்டைதான் கப்பலைக் கொல்லும் என்பதை மனதில் வையுங்கள்; கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

ஏஐஎஸ்ஸை ஆஃப் பண்ணிட்டா கப்பல் தெரியாதுல்ல?

தெரியும், ஆனால் கொஞ்சம் சிரமப்பட்டுத் தெரியும். ஏஐஎஸ் என்பது கப்பலின் பெயர், இடம், வேகம், திசை எல்லாவற்றையும் விடாமல் ஒலிபரப்பும் கருவி. அதை அணைத்தால் தூரத்திலிருந்து குறிவைப்பது கடினமாகும். கரையிலிருக்கும் ரேடாருக்கும், மீன்பிடிப் படகில் உட்கார்ந்து உளவு பார்ப்பவனின் கண்ணுக்கும் கப்பல் மறையாது. மறுபக்கம், அணைத்தபின் அடிபட்டால் உதவிக்கு வருபவர்களுக்கும் இடம் தெரியாது. நெரிசலான நீரிணையில் மற்றக் கப்பல்களோடு மோதும் ஆபத்தும் கூடும்.

கப்பலின் பாதுகாப்புக்குப் பங்கம் வரும் என்று கேப்டன் கருதினால் ஏஐஎஸ்ஸை அணைக்க விதி இடம் தருகிறது. அணைத்த நேரமும் காரணமும் லாக் புத்தகத்தில் ஏற வேண்டும். அணைக்காமல் போகிறவர்கள் அடுத்த துறைமுகத்தின் பெயரை நீக்கிவிட்டுக் கட்டாயமான விவரங்களை மட்டும் விடுவது வழக்கம். அந்த இடத்தில் 'எல்லா மாலுமிகளும் முஸ்லிம்கள்', 'சீனக் கப்பல்' என்று எழுதிக்கொண்டு போன கப்பல்களும் உண்டு. முந்தைய கேள்வியில் சொன்ன காகிதக் கணக்கு இருக்கும்வரை அந்த எழுத்துக்குப் பெரிய பலன் இல்லை.

விஎச்எஃப்ல 'ஏமன் நேவி' கூப்பிட்டு ஏஐஎஸ்ஸை ஆன் பண்ணு, திசை மாத்துன்னு சொன்னா?

கப்பல் ரேடியோவான விஎச்எஃப்பின் 16-ஆம் சேனலில் இப்படிக் கூப்பிடுவது நடந்திருக்கிறது. கூப்பிடுகிறவர் யாரென்று உறுதிசெய்ய வழியில்லை. கப்பல்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை: பாதுகாப்பாக முடிந்தால் அழைப்பைப் பொருட்படுத்தாமல் பயணத்தைத் தொடருங்கள், உடனே யூகேஎம்டிஓவுக்கு அழையுங்கள், நேரத்தையும் கேட்ட வார்த்தைகளையும் அப்படியே எழுதி வையுங்கள். கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் இருப்பவர்கள் பதற்றத்தில் கப்பல் பெயரையும் போகும் துறைமுகத்தையும் உளறிவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. யார் பேச வேண்டும், என்ன பேச வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து ரேடியோவுக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.

ஜிபிஎஸ் தப்பா காட்டுதாமே? கப்பல் நிலத்துல நிக்கிற மாதிரி காட்டுச்சுன்னான் பையன்.

உண்மைதான். சிக்னலை அமுக்குவது ஒரு வகை, பொய் இடத்தைக் காட்ட வைப்பது இன்னொரு வகை. இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் கருவி எச்சரிக்கை மணி அடிக்காமலே தப்பாகக் காட்டும். 2025 மே மாதம் எம்எஸ்சி ஆன்டோனியா என்ற கன்டெய்னர் கப்பல் ஜித்தா அருகே தரைதட்டியதற்கு இந்தக் குறுக்கீடே காரணமாகச் சொல்லப்பட்டது.

இதற்கு மருந்து பழைய வேலைமுறைதான். ரேடாரில் கரையையும் தீவுகளையும் வைத்து இடம் எடுப்பது, கலங்கரை விளக்கத்தின் திசையைக் கண்ணால் எடுப்பது, ஆழமானியின் அளவு வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. மின்வரைபடத்தில் ரேடார் படத்தை மேலே போட்டுப் பார்த்தால் கரைக்கோடு ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகி நிற்கும். பொய் சிக்னலைப் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. இன்னொன்று: ஏஐஎஸ்ஸும் அதே ஜிபிஎஸ்ஸைத்தான் நம்புகிறது. பக்கத்துக் கப்பல் இருப்பதாகத் திரை காட்டும் இடத்தில் அது இல்லாமல் போகலாம்.

அந்தப் பகுதிக்குள்ள போறதுக்கு முன்னாடி கப்பல்ல என்னென்ன செஞ்சிருக்கணும்?

முதலில் பதிவு. பயணத்தை முன்கூட்டியே பதிவுசெய்து, அறிவிக்கப்பட்ட எல்லைக்குள் நுழைந்ததும் யூகேஎம்டிஓவுக்குக் கப்பலின் இடம், வேகம், வழி, ஆட்களின் எண்ணிக்கை, நாடு எல்லாம் போய்ச் சேர வேண்டும். அடிபட்ட பிறகு முதல் அழைப்பிலேயே இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

பிறகு இன்ஜின் பக்கம்: கூடுதல் ஜெனரேட்டர் ஓட வேண்டும், ஸ்டியரிங் மோட்டார் இரண்டும் ஓட வேண்டும், எமர்ஜென்சி தீயணைப்பு பம்பை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். நீர்புகாக் கதவுகள் எல்லாம் மூடியிருக்க வேண்டும். காற்று வரட்டும் என்று ஒரு கதவைக் கயிறு கட்டித் திறந்து வைக்கும் பழக்கம் பல கப்பல்களில் உண்டு, அந்த ஒரு கதவு போதும் கப்பல் போக. நீர்மட்டத்துக்குக் கீழே ஆட்களைக் குறைக்க வேண்டும். இரவில் பயண விளக்குகள் தவிர வேறு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது. ஜன்னல் கண்ணாடி சிதறாமல் இருக்க ஃபிலிம் ஒட்ட வேண்டும். சில்லுகளால் வரும் காயம் அதிகம். வெளித்தளத்தில் தேவையற்ற வேலை எதுவும் கூடாது. பெயின்ட், கேஸ் சிலிண்டர், ஆக்சிஜன் எல்லாம் உரிய இடத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

தீயணைப்பும் உயிர்காப்பும் கப்பலின் இரு பக்கமும் தயாராக இருக்க வேண்டும் என்பதற்கு மார்லின் லுவாண்டாவைவிட நல்ல உதாரணம் இல்லை. 84,000 டன்னுக்கு மேல் நாஃப்தா என்ற எளிதில் தீப்பற்றும் எண்ணெய் ஏற்றிய டேங்கர் அது; 22 இந்தியர், ஒரு வங்கதேசத்தவர். 2024 ஜனவரி 26 மாலை ஏவுகணை பட்டு ஒரு சரக்குத் தொட்டி எரிந்தது. வலப்பக்க லைஃப் போட் அழிந்துபோனது. தீயணைப்பில் இல்லாதவர்கள் இடப்பக்கத்தில் தயாராக நின்றார்கள். மற்றவர்கள் தீயணைப்பு நுரை தீர்ந்த பிறகும் கடல்நீரை அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஐஎன்எஸ் விசாகப்பட்டினத்தின் தீயணைப்புக் குழுவும் வந்து சேர்ந்து தீயை அணைத்தது. கேப்டன் அவிலாஷ் ராவத்துக்கும் அவருடைய ஆட்களுக்கும் அந்த ஆண்டு ஐஎம்ஓ வீர விருது கிடைத்தது. நுரை டாங்கியில் இருப்பு எவ்வளவு, இடப்பக்க லைஃப் போட் கீழே இறங்குமா: ஏறிய முதல் வாரத்திலேயே நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவை இவை.

சிட்டடலுக்குள்ள போய்ப் பூட்டிக்கிட்டா போதாதா?

கொள்ளையருக்குப் போதும், ஏவுகணைக்குப் போதாது. சிட்டடல் என்பது உள்ளே புக முடியாதபடி பலப்படுத்திய அறை. பெரும்பாலும் இன்ஜின் ரூம் பக்கம், கீழே இருக்கும். 2024 ஜனவரியில் லீலா நார்ஃபோக் கப்பலில் ஆயுதக்காரர்கள் ஏறியபோது 15 இந்தியர் உட்பட 21 பேரும் சிட்டடலில் இருந்தார்கள். ஐஎன்எஸ் சென்னையிலிருந்த மார்க்கோஸ் என்ற கடற்படைக் கமாண்டோ வீரர்கள் வந்து மீட்டார்கள். ஒருவர்கூட வெளியே மாட்டியிருக்கக் கூடாது, உள்ளிருந்து பேசத் தனியான தொலைத்தொடர்பு வேண்டும், ஏறி வந்தவனால் கப்பலை ஓட்ட முடியக் கூடாது: இந்த மூன்றும் இருந்தால்தான் கடற்படை ஏறுவதைப் பற்றி யோசிக்கும்.

வெடிப் படகோ ஏவுகணையோ வரும்போது அதே அறை பொறியாகிவிடும். தண்ணீர் முதலில் வருவது அங்கேதான். அதற்கு நீர்மட்டத்துக்கு மேலே, கட்டடத்தின் நடுவில், வெளிச்சுவர் படாத இடத்தில் கூடுமிடம் வேண்டும். எந்த மணிக்கு எங்கே ஓடுவது என்று இரண்டையும் தனித்தனியாகப் பயிற்சி செய்திருக்க வேண்டும். முதல் அடி விழுந்ததும் சேதம் பார்க்க வெளித்தளத்துக்கு ஓடாதீர்கள். அதே கப்பலை மறுபடி அடிப்பது இங்கே பலமுறை நடந்திருக்கிறது.

ஆர்ம்டு கார்டு இருக்காங்க, நேவி இருக்கு. அப்புறம் என்ன பயம்?

ஆயுதக் காவலர் சிறு படகைத் தள்ளி நிறுத்துவார், வெடிப் படகைச் சுட முயல்வார். ஏவுகணையை அவரால் எதுவும் செய்ய முடியாது. எட்டர்னிட்டி சி கப்பலிலும் காவலர்கள் இருந்தார்கள்.

கடற்படைகள் உதவியிருக்கின்றன: ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆஸ்பிடஸ் கடற்படை நடவடிக்கை, அமெரிக்கா தலைமையிலான கூட்டணி, ஏடன் வளைகுடாவில் இந்தியக் கடற்படை. 2024 மார்ச்சில் கொள்ளையர் பிடியிலிருந்த ருவென் கப்பலை ஐஎன்எஸ் கொல்கத்தா மீட்டது, 35 கொள்ளையர் சரணடைந்தார்கள். ஆனால் கடல் பெரிது, போர்க்கப்பல்கள் சில. துணைக்கு வரக் கேட்டாலும் காத்திருக்க நேரலாம். 'நேவி இருக்கு' என்று கம்பெனி சொன்னால், நம் கப்பலுக்குத் துணை உறுதியாகியிருக்கிறதா, எந்தத் தேதி என்று கேளுங்கள்.

போகமாட்டேன்னு சொல்ல முடியுமா? சொன்னா வேலை போயிடாதா?

சொல்ல முடியும். போர்ப்பகுதிக்குப் போகச் சம்மதிக்காத மாலுமியை ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று எம்எல்சி எனப்படும் சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் வழிகாட்டுதல் சொல்கிறது. இந்தியா 2015-இல் அதை ஏற்றுக்கொண்டது. மாலுமிச் சங்கங்களும் கப்பல் முதலாளிகளும் பேசி முடித்த ஐபிஎஃப் ஒப்பந்தத்தின் கீழ் வரும் கப்பலாக இருந்து, அந்தப் பகுதி 'போர் நடவடிக்கைப் பகுதி' என்று அறிவிக்கப்பட்டிருந்தால் உரிமை இன்னும் தெளிவு: மறுக்கலாம், கம்பெனி செலவில் திரும்பலாம், இரண்டு மாத அடிப்படைச் சம்பளம் இழப்பீடாகக் கிடைக்கும். உங்கள் கப்பல் எந்த ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது என்பது உங்கள் வேலை ஒப்பந்தமான சீஃபேரர் அக்ரிமென்ட்டிலேயே இருக்கும். கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

எப்போது சொல்கிறீர்கள் என்பது முக்கியம். நீரிணைக்கு முந்தைய துறைமுகத்திலேயே, எழுத்தில், கேப்டனிடம் கொடுத்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும். நடுக்கடலில் வாயால் சொன்னால் இறக்கிவிட இடமும் இருக்காது, சொன்னதற்குச் சாட்சியும் இருக்காது. மறுத்தால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்களோ என்ற பயம் நியாயமானதே. அதனால்தான் இந்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டிஜி ஷிப்பிங்கின் ஆர்பிஎஸ்எல் (மாலுமிகளை வேலைக்கு எடுக்கும்) உரிமம் பெற்ற ஏஜென்ட் வழியாக மட்டும் ஏறுங்கள் என்று சொல்கிறோம். உரிமம் இல்லாதவர் மேல் புகார் கொடுத்தாலும் பிடிக்க எதுவும் இருக்காது.

டபுள் சம்பளம்னு சொல்றாங்களே?

அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும், அந்தப் பகுதியில் இருக்கும் நாட்களுக்கு மட்டும். ஐபிஎஃப் ஏற்பாட்டில் குறைந்தது 5 நாளுக்குக் கொடுக்க வேண்டும். மொத்தச் சம்பளம் 1,200 டாலர், அதில் அடிப்படை 600 என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 20. ஐந்து நாளுக்கு 100 டாலர். அவ்வளவுதான். இறப்புக்கும் ஊனத்துக்கும் இழப்பீடு இரட்டிப்பாகும் என்பதுதான் அந்த ஒப்பந்தத்தில் பெரிய விஷயம். தொகையைச் சொல்லி ஆசைகாட்டுகிறவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பிடிச்சு வச்சிட்டா வீட்டுக்குச் சம்பளம் வருமா? நாங்க என்ன செய்யணும்?

கடற்கொள்ளையில் பிடிபட்டால், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் விடுதலையாகும்வரை சம்பளமும் வீட்டுக்கு அனுப்பும் தொகையும் தொடர வேண்டும் என்று எம்எல்சி திருத்தம் சொல்கிறது; 2020 டிசம்பர் 26 முதல் அமலில் இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், அதில் இருப்பது 'கொள்ளை, ஆயுதக் கொள்ளை' என்ற சொற்கள். அரசியல் காரணம் சொல்லி ஓர் இயக்கமோ, சட்டம் காட்டி ஒரு நாடோ பிடித்தால் இது பொருந்துமா என்று வாதிட இடம் இருக்கிறது. அக்ரிமென்ட்டில் 'எந்தக் காரணத்துக்காகப் பிடிபட்டாலும்' என்று இருந்தால் நல்லது.

வீட்டில் ஒரு கவரில் வைத்திருங்கள்: அக்ரிமென்ட் நகல், பாஸ்போர்ட், சிடிசி (மாலுமி அடையாளப் புத்தகம்) நகல், இன்டோஸ் எண் (மாலுமிப் பதிவு எண்), கப்பலின் ஐஎம்ஓ எண், ஏஜென்ட்டின் ஆர்பிஎஸ்எல் எண், வாரிசாகப் பதிந்தவர் பெயர். பிடிபட்ட செய்தி வந்தால் கம்பெனி, டிஜி ஷிப்பிங், யூனியன் மூன்றுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மாலுமியின் மதம், ராணுவத்தில் இருக்கும் உறவினர், சொத்து பற்றி எதுவும் வெளியில் பேசாதீர்கள். பிடித்து வைத்திருப்பவர்களும் செய்தி படிப்பார்கள்.

திருப்பூர்ல இருந்து ஹாம்பர்க்குக்குப் பனியன் அனுப்பறோம். போர் எங்கேயோ நடக்குது, எங்க சரக்கு ஏன் லேட்? இன்ஷூரன்ஸ்ல வாங்கலாமா?

தூத்துக்குடியில் ஏறும் கன்டெய்னர் பெரும்பாலும் கொழும்பு போய்ப் பெரிய கப்பலுக்கு மாறுகிறது. அந்தப் பெரிய கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றினால் முதல் பதிலில் சொன்ன 10 நாள் கூடுகிறது; கொழும்பில் இணைப்புக் கப்பல் தவறினால் இன்னொரு வாரம். சுற்றாமல் போனாலும் செலவு உண்டு. போர் அபாயக் காப்பீட்டைக் கப்பல் மதிப்பில் சதவீதமாக, பொதுவாக 7 நாள் கணக்கில் வாங்குவார்கள். 5 கோடி டாலர் கப்பலுக்கு 0.7 சதவீதம் என்றால் ஒரு முறை கடக்க 3.5 லட்சம் டாலர். அதுதான் உங்கள் பில்லில் கூடுதல் கட்டணமாக வந்து உட்காருகிறது.

தாமதத்துக்குச் சரக்குக் காப்பீட்டில் பணம் கிடைக்காது. வழக்கமான பாலிசியில் போர்ச் சேதமும் விலக்கப்பட்டிருக்கும். போர் ஷரத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும், அதுவும் சரக்கு கடலில் இருக்கும்போதுதான் பொருந்தும். சிஐஎஃப் விலையில் (கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்து) விற்றிருந்தால் கட்டண உயர்வு உங்கள் தலையில், எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும்வரை மட்டும்) என்றால் வாங்குகிறவர் தலையில். சீசன் சரக்குக்கு ஆர்டர் எடுக்கும்போதே இதைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

அப்போ சுத்திப் போறதுதான் எல்லாருக்கும் நல்லதா? ஹோர்முஸ்லயும் அப்படிச் செய்யலாமா?

நன்னம்பிக்கை முனை (கேப்) வழியில் ஏவுகணை இல்லை. ஆனால் தென்னாப்பிரிக்கக் கரையோரம் குளிர்காலத்தில் வரும் அலையில் கன்டெய்னர்கள் கடலில் விழுந்திருக்கின்றன. எரிபொருளும் வழித்துறைமுகமும் கணக்குப் போட்டு வைக்க வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிப் போனால் சோமாலியக் கொள்ளையர் எல்லை வரும்; நன்றாகத் தள்ளிப் போக வேண்டும். 18 நாட் வேகத்துக்கு மேல் ஓடும் கப்பலில் கொள்ளையர் ஏறியதாகப் பதிவு இல்லை என்பது தொழிலில் பல காலம் சொல்லப்பட்டு வந்தது. தானியம், நிலக்கரி போன்றவற்றை அப்படியே கொட்டி ஏற்றி மெதுவாகப் போகும் பல்க் கப்பல்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

ஹோர்முஸ் நீரிணைக்குச் சுற்று வழியே கிடையாது. பாரசீக வளைகுடாவுக்குள் இருக்கும் துறைமுகத்துக்கு அது ஒன்றுதான் வாசல். சவுதியும் அமீரகமும் கொஞ்சம் எண்ணெயைக் குழாய் வழியாக வெளியே கொண்டுவருகின்றன, கப்பலுக்கு அந்த வசதி இல்லை. அங்கே 2024 ஏப்ரல் 13 அன்று எம்எஸ்சி ஏரிஸ் கப்பலை ஈரானின் புரட்சிக் காவல்படை ஹெலிகாப்டரில் இறங்கிப் பிடித்தது. 25 மாலுமிகளில் 17 பேர் இந்தியர். பிடித்தது ஒரு நாட்டின் படை என்பதால், பிடிபட்டவர்களின் சம்பளம் பற்றி மேலே சொன்ன ஷரத்துச் சிக்கல் அங்கே இன்னும் கூர்மையாக வரும். வளைகுடா ஓட்டத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அந்த ஒரு வரிக்காகவே அக்ரிமென்ட்டை இரண்டு முறை படிக்க வேண்டும்.